ஈயமணி உருகும் ஊர்: வான் பார்ப்பவர்களின் கேள்விகளும் பதில்களும்

வாடை மழை ஓய்ந்து மேகம் விலகியதும் எனக்கு வரும் கேள்விகள் கூடிவிடும். பாம்பனை அடுத்த மண்டபம் ஊரில் என் வீட்டு மொட்டைமாடிக்கு வந்து தொலைநோக்கியில் கண் வைத்துப் பார்த்தவர்கள் கேட்பது ஒரு வகை. வாட்ஸ்அப்பில் எதையோ படித்துவிட்டுப் பயந்து கேட்பது இன்னொரு வகை. இந்த முறை இரண்டும் கலந்து வந்திருக்கின்றன. ராசிபலன் கேட்டு வந்த இரண்டை மட்டும் ஒதுக்கிவிட்டேன்.

பாம்பன் தெற்குவாடியிலிருந்து ஒரு மீனவர்: விடிவெள்ளி முளைத்ததும் வலையைக் கடலிலிருந்து வாங்கிவிடுவது எங்கள் வழக்கம். ஆனால் சில மாதங்கள் அது வருவதே இல்லை. அப்போது பொழுது சாய்ந்ததும் மேற்கே ஒரு பெரிய வெள்ளி தெரிகிறது. இரண்டும் ஒன்றா, வேறு வேறா?

ஒன்றுதான். வெள்ளிக் கோள் நம்மைவிடச் சூரியனுக்கு நெருக்கமாகச் சுற்றுகிறது. ஆகவே சூரியனை விட்டு 47 பாகைக்கு மேல் விலகித் தெரியாது. நள்ளிரவில் உச்சி வானத்தில் வெள்ளியைப் பார்த்தேன் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். கிழக்கே எட்டரை மாதத்துக்குச் சற்று மேல் விடிவெள்ளியாக இருக்கும். பிறகு சூரியனுக்குப் பின்னால் போய் ஏறத்தாழ ஐம்பது நாள் மறைந்திருக்கும். அப்புறம் மேற்கே அந்திவெள்ளியாக அதே எட்டரை மாதம். கடைசியில் சூரியனுக்கும் நமக்கும் நடுவில் புகுந்து, ஒரு வாரம் போல மறைந்து, மறுபடி கிழக்கே முளைக்கும். இந்த முழுச் சுற்றுக்கு 584 நாள். ஐந்து சுற்று முடிந்தால் எட்டு ஆண்டுகள் ஆகியிருக்கும். எந்தத் தேதியில் எந்த இடத்தில் தெரிந்ததோ, எட்டு ஆண்டு கழித்து ஏறத்தாழ அதே தேதியில் அங்கேயே தெரியும். உங்கள் பழைய காலண்டரில் குறித்து வைத்திருந்தால் சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. பார்வைக்குக் குளிர்ச்சியாக இருக்கிறதே என்று அதை நம்பிவிட வேண்டாம். கரியமில வாயுவைக் கனமான போர்வையாகப் போர்த்திக்கொண்டு, வந்த சூட்டை வெளியே விடாமல் வைத்திருக்கும் கோள் அது. தரையில் வெப்பம் 460 டிகிரி செல்சியசுக்குமேல். ஈயம் 327 டிகிரியிலேயே உருகிவிடும். உங்கள் வலையின் அடிக்கயிற்றில் கட்டியிருக்கும் ஈயமணிகள் அங்கே தண்ணீராய் ஓடும்.

கீழக்கரையிலிருந்து ஒரு கல்லூரி மாணவி: ஆடி அமாவாசைக்கு என் தோழியின் குடும்பத்தோடு தேவிபட்டினம் போனேன். கடலுக்குள் நவகிரகம் என்று ஒன்பது கற்கள். பாடப்புத்தகத்தில் எட்டுக் கோள்கள். அந்த எட்டும் இந்த ஒன்பதும் ஒரே பட்டியல்கூட இல்லையே?

நல்ல கேள்வி. இதற்குக் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

இரண்டு பட்டியலும் இரண்டு வேறு கேள்விகளுக்கான விடை. பாடப்புத்தகம் கேட்பது: சூரியனைச் சுற்றுபவை எவை? பழைய பட்டியல் கேட்டது: நிலையாக நிற்கும் நட்சத்திரங்களுக்கு நடுவே இடம் மாறிக்கொண்டே இருப்பவை எவை? இந்த இரண்டாவது கேள்விக்கு வெறும் கண்ணால் விடை தேடினால் சூரியன், சந்திரன், செவ்வாய், புதன், வியாழன், வெள்ளி, சனி என ஏழு கிடைக்கும். பூமி வராது, ஏனென்றால் அதன்மேல் நின்றுகொண்டுதான் பார்க்கிறோம். யுரேனசும் நெப்டியூனும் வராது. முன்னதைக் கோள் என்று கண்டுகொண்டது 1781-இல், பின்னதை 1846-இல், இரண்டுமே தொலைநோக்கியால்.

மீதி இரண்டு கற்கள் ராகுவும் கேதுவும். இவற்றை வெறும் கதை என்று தள்ளிவிடுபவர்கள் கணக்கைப் பார்க்கவில்லை என்பேன். சந்திரன் பூமியைச் சுற்றும் தளம், சூரியன் வானில் போகும் பாதைக்கு ஐந்து பாகை சாய்ந்திருக்கிறது. சாய்ந்த இரண்டு வட்டங்கள் இரண்டே இடங்களில்தான் வெட்டிக்கொள்ளும். அந்த இரண்டு புள்ளிகளுக்குத்தான் ராகு, கேது என்று பெயர். அங்கே பொருள் எதுவும் இல்லை, வெறும் சந்திப்பு. ஆனால் அமாவாசையோ பௌர்ணமியோ அந்தப் புள்ளிக்குப் பக்கத்தில் நேர்ந்தால்தான் கிரகணம். மற்ற மாதங்களில் சந்திரன் சற்று மேலேயோ கீழேயோ நழுவிவிடும். அந்தப் புள்ளிகளும் ஓரிடத்தில் நிற்பதில்லை. பின்னோக்கி நகர்ந்து 18.6 ஆண்டில் ஒரு சுற்று முடிக்கின்றன. பன்னிரண்டு ராசிகளுக்குப் பகிர்ந்தால் ராசிக்கு ஒன்றரை ஆண்டு. ராகு-கேது பெயர்ச்சி ஏன் ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை, ஏன் தலைகீழ் வரிசையில் வருகிறது என்பதும் இதிலேயே அடங்கிவிட்டது.

நம் கரையில் இதைக் கண்ணால் பார்த்த நாள் 2010 ஜனவரி 15, தை அமாவாசை. கங்கண சூரிய கிரகணத்தின் நடுக்கோடு தனுஷ்கோடிக்கு மிக அருகில் போனது. பகல் ஒன்றேகால் மணிவாக்கில் சந்திரன் சூரியனுக்குள் முழுதாகப் புகுந்தும் மூட முடியாமல், சுற்றிலும் வளையல் மாதிரி நெருப்பு. பத்து நிமிடம் அப்படியே நின்றது. சூரியக் கண்ணாடி கொண்டுவராதவர்கள் தரையைப் பார்த்தார்கள். பனையோலைக் கூரையின் பொத்தல் வழியாக மணலில் விழுந்த ஒவ்வொரு ஒளிப்பொட்டும் ஒரு குட்டி வளையலாக இருந்தது.

தொண்டியிலிருந்து ஒருவர்: 2025-இல் ஆசையாகத் தொலைநோக்கி வாங்கிச் சனியைப் பார்த்தேன். வளையத்தைக் காணோம். ஊசி குத்தியதுபோல ஒரு கோடு மட்டும். கடையில் ஏமாற்றிவிட்டார்களா?

இல்லை, நீங்கள் பார்த்த ஆண்டு அப்படி. பனையோலை விசிறியை முகத்துக்கு நேரே பிடித்தால் அகலம் தெரியும். விளிம்பைக் காட்டிப் பிடித்தால் ஒரு கோடு. சனியின் வளையங்கள் சுமார் 2,80,000 கிலோமீட்டர் அகலம், ஆனால் பெரும்பாலான இடங்களில் தடிமன் சில பத்து மீட்டர்தான். 2025 மார்ச் 23-இல் பூமி அந்த வளையத் தளத்தைக் கடந்தது. அதனால் அந்த ஆண்டு முழுக்கவே வளையம் மெலிந்து கிடந்தது. இனி ஆண்டுக்கு ஆண்டு விரிந்து 2032 வாக்கில் நன்றாகத் திறந்திருக்கும். தொலைநோக்கியை விற்றுவிடாதீர்கள்.

சனி ஒரு சுற்றுக்கு எடுப்பது இருபத்தொன்பதரை ஆண்டு. ராசிக்கு இரண்டரை, மூன்று ராசிக்கு ஏழரை. பஞ்சாங்கக்காரர்களின் வகுத்தல் சரியாகவே இருக்கிறது. பலன் சொல்வது என் துறை இல்லை.

ஏர்வாடியிலிருந்து ஒரு தாய்: கோள்கள் எல்லாம் ஒரே வரிசையில் வருவதால் கடல் பொங்கும் என்று செய்தி வந்தது. பிள்ளைகளைக் கரைக்கு அனுப்பலாமா, ஐயா?

தாராளமாக அனுப்புங்கள், அம்மா. காற்று எச்சரிக்கை இருக்கும் நாளில் மட்டும் வேண்டாம்.

கோள்கள் எல்லாம் ஏறத்தாழ ஒரே தளத்தில் சுற்றுபவை. வானத்தில் எப்போது பார்த்தாலும் ஒரு வரிசையில்தான் தெரியும். கடலை இழுப்பதில் பெரும்பங்கு சந்திரனுக்கு. சூரியனுக்கு அதில் பாதிகூட இல்லை. அமாவாசைக்கும் பௌர்ணமிக்கும் இரண்டும் ஒரே கோட்டில் இழுப்பதால் ஏற்றம் சற்றுக் கூடுகிறது. வெள்ளி நமக்கு மிக அருகில் வரும் நாளில்கூட அதன் இழுப்பு சந்திரனுடையதில் சுமார் பதினெட்டாயிரத்தில் ஒரு பங்கு. 2004 டிசம்பர் 26 பௌர்ணமி நாள் என்பதைப் பிடித்துக்கொண்டு கதை கட்டுகிறார்கள். அன்று அலையை எழுப்பியது சுமத்ராவுக்கு அருகே கடலடியில் நேர்ந்த பூகம்பம். இந்தச் செய்தியை உங்களுக்கு அனுப்பியவருக்கு இந்தப் பதிலையும் அனுப்பிவிடுங்கள்.

இராமநாதபுரத்திலிருந்து ஒரு பள்ளி மாணவன்: நட்சத்திரம் மினுக்குகிறது, கோள் ஏன் மினுக்குவதில்லை?

நட்சத்திரம் வெகு தொலைவில் இருப்பதால் வெறும் புள்ளி. காற்றின் ஆட்டத்தில் அந்த ஒற்றைக் கதிர் தடுமாறுகிறது. கோள் ஒரு சிறு வட்டு. ஒரு கதிர் தடுமாறினால் இன்னொன்று ஈடுகட்டும். கடல் விளிம்பை ஒட்டி இருக்கும்போது கோளும் மினுக்கும், அதைப் பார்த்துக் குழம்பாதே.

தங்கச்சிமடத்திலிருந்து ஓர் ஆசிரியை: கருவி எதுவும் இல்லாமல் பிள்ளைகளுக்கு என்ன காட்டலாம்?

ஏப்ரல் 13, 14 தேதிகளில், அதாவது சித்திரை பிறக்கும் நேரத்தில், பகல் 12.13 மணிக்கு ஓர் எவர்சில்வர் டம்ளரை வெயிலில் கவிழ்த்து வையுங்கள். சூரியன் நம் தலைக்கு நேர் மேலே இருக்கும். டம்ளரின் நிழல் அதன் அடியிலேயே ஒளிந்துகொள்ளும். ஆகஸ்ட் 29-ஐ ஒட்டி இன்னொரு வாய்ப்பு உண்டு. பள்ளி விடுமுறை என்றால் வீட்டு வாசலிலேயே பார்க்கச் சொல்லுங்கள்.

இரவுக்கும் ஒன்று சொல்கிறேன். மே மாத நடுவில் இரவு ஒன்பது மணிக்கு, வடக்கே பெண் கடல் (பாக் விரிகுடா) பக்கம் திரும்பிக் கையை நீட்டி விரல்களை முட்டியாக மடக்கிக் கடல் விளிம்பில் வைத்தால், முட்டியின் மேல்விளிம்பை ஒட்டித் துருவ நட்சத்திரம். நம் அட்சரேகை ஒன்பது பாகைக்குச் சற்று மேல். அதே அளவு உயரத்தில்தான் அது நிற்கும். அப்படியே தெற்கே ஆண் கடல் (மன்னார் வளைகுடா) பக்கம் திரும்பினால் தெற்குச் சிலுவை நேராக நிற்கும். லண்டன்காரனுக்கு இந்த இரண்டாவது கிடையாது.

மண்டபத்திலிருந்தே ஓர் இளைஞர்: முதலில் எந்தத் தொலைநோக்கி வாங்குவது?

எதையும் வாங்காதீர்கள். பத்து மடங்கு பெருக்கும், 50 மில்லிமீட்டர் வில்லை கொண்ட பைனாகுலர் போதும். நான் முதலில் வாங்கிய ஆறு அங்குலக் கண்ணாடித் தொலைநோக்கியை மூடாமல் திண்ணையில் வைத்திருந்தேன். கச்சான் காற்றில் வந்த உப்பு, இரண்டே ஆண்டில் கண்ணாடியின் அலுமினியப் பூச்சை அம்மைத்தழும்பு போட்டாற்போல அரித்துவிட்டது. துணியால் துடைத்து மிச்சத்தையும் கெடுத்தது நானேதான். பைனாகுலர் என்றால் மூடிய டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு வைத்துவிடலாம்.

முழங்கைகளைப் பைக் சீட்டின்மேல் ஊன்றிக்கொண்டு வியாழனைப் பாருங்கள். அதை ஒட்டி ஒரே கோட்டில் இரண்டோ மூன்றோ நான்கோ சிறு புள்ளிகள் தெரியும். 1610-இல் கலிலியோ கண்ட நிலவுகள் அவை. காகிதத்தில் வரைந்து தேதி போடுங்கள். மறுநாள் அதே நேரத்தில் மறுபடி பாருங்கள். புள்ளிகள் இடம் மாறியிருக்கும். மாறவே இல்லை என்றால் நீங்கள் பார்த்தது வியாழன் இல்லை.