செல்வி ஏன் திரும்பிப் போனாள்?

வணக்கம் அக்கா,

உங்கள் நாவலை இரண்டு ராத்திரியில் படித்து முடித்தேன். எனக்கு ஆலங்குளம் பக்கம் ஊர், இப்போது பெங்களூரில் வேலை. பீடி சுற்றும் வீட்டில் வளர்ந்த செல்வி, புருஷனை விட்டு வந்து தி.நகர் ஜவுளிக்கடையில் சேர்கிற வரைக்கும் அவள்கூடவே போக முடிந்தது. ஆனால் பொங்கலுக்கு ஊருக்கு வந்தவள் நாலாம் நாளே மறுபடி நெல்லை எக்ஸ்பிரஸில் ஏறுவதை ஏற்க முடியவில்லை. 12 மணி நேரம் நிற்கிறாள், கால் வீங்குகிறது, ஹாஸ்டலில் குளிக்க வரிசை. இதையெல்லாம் எழுதிவிட்டு அவளைத் திரும்ப அங்கேயே அனுப்பலாமா? அம்மாவோடு பீடி சுற்றிக்கொண்டு நிம்மதியாக இருந்திருப்பாளே. உட்காரும் உரிமைச் சட்டம் பற்றியும் ஒரு வரி இல்லை. இன்னொன்று, 'முறம்' என்று எழுதியிருக்கிறீர்கள். எங்கள் பக்கம் அது சொளவு.

ஆலங்குளத்துக்காரன்

அன்புள்ள தம்பி,

நிம்மதியாக என்று எழுதியிருக்கிறீர்களே, அந்த இடத்தில்தான் எனக்கு மனசு தடுக்கியது.

செல்வி 12 வயதில் பீடி சுற்ற உட்கார்ந்தவள். இலையை நனைத்து, அளவு பார்த்து வெட்டி, தூள் வைத்துச் சுருட்டி, நூல் கட்டி, ஆயிரம் பீடி சேர்த்தால்தான் அன்றைக்குக் கூலி என்று சொல்லிக்கொள்ள ஏதாவது இருக்கும். கடையில் கொண்டுபோய்க் கொடுத்தால், சரியில்லை என்று கழித்தது போக மிச்சம்தான் கணக்கில் ஏறும். சரி, அந்தக் கணக்கு யார் பெயரில்? அம்மா பெயரில். பாஸ்புக் ஒன்று, சுற்றுகிற ஆள் மூன்று பேர். நீங்களும் பார்த்திருப்பீர்கள். "நல்லா பீடி சுத்துவா" என்று சொல்லித்தான் அவளைக் கட்டிக்கொடுத்தார்கள், போன வீட்டில் மாமியாரின் பாஸ்புக். இத்தனை வருஷம் முதுகு வளைந்து சுற்றியதில் ஒரு பீடிகூட அவள் பெயரில் இல்லை தம்பி.

சென்னையில் சம்பளம் போட அவள் பெயரில் ஒரு கணக்கு தொடங்குகிறார்கள். அந்த ஏடிஎம் கார்டை ஹாஸ்டல் கட்டிலில் உட்கார்ந்து, தன் பெயரை எழுத்துக் கூட்டிக் கூட்டிப் படிக்கிறாளே, அந்த ஒன்றரைப் பக்கத்துக்காகத்தான் நான் இந்த நாவலையே எழுதினேன். பொங்கலுக்கு ஊருக்கு வந்த மூன்று நாளும் அவளுக்கு ஒரே பெயர்தான், வாழாவெட்டி. யாரும் திட்டவில்லை, எல்லாரும் பாசமாகத்தான் விசாரிக்கிறார்கள், அதுதான் அவளால் தாங்க முடியாதது. கடையில் சேலை செக்‌ஷனில் புதிதாக வந்த பிள்ளைகள் அவளை அக்கா என்று கூப்பிடுகிறார்கள், அவள் யார் மகள், யார் பெண்டாட்டி என்று கேட்க அங்கே ஒருவருக்கும் நேரமில்லை.

அதற்காக நகரம் அவளை நன்றாக வைத்துக்கொண்டது என்று நான் சொல்லவில்லை. காலை மடக்கியே உட்கார்ந்து வளர்ந்த பெண்ணை நாள் முழுக்க நிற்க வைத்துவிட்டார்கள். ஆடித் தள்ளுபடி சமயத்தில் ரங்கநாதன் தெருப் பக்கம் போனால், கடை சாத்துகிற நேரத்தில் அந்தப் பெண்கள் எப்படி நடந்து வெளியே வருகிறார்கள் என்று பாருங்கள். அம்மாவுக்கு முட்டி போயிற்று, மகளுக்குக் கணுக்கால். இரண்டு அத்தியாயத்தையும் அடுத்தடுத்து வைத்தது அதனால்தான்.

சட்டம் பற்றிக் கேட்டீர்கள். நாவல் 2019 தை மாதத்தோடு முடிகிறது. கடையில் வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை கொடுக்க வேண்டும் என்ற சட்டத்திருத்தம் நம் சட்டமன்றத்துக்கு வந்தது 2021 செப்டம்பரில். கேரளம் 2018லேயே கொண்டுவந்துவிட்டது. கோழிக்கோடு மிட்டாய்த் தெருவில் விஜி என்ற போராளியும் அவருடைய 'பெண்கூட்டு' என்ற பெண் தொழிலாளர் அமைப்பும் முதலில் கழிப்பறைக்காக, அப்புறம் உட்காருவதற்காக, வருஷக்கணக்கில் போராடியதன் பலன் அது. செல்விக்கு இதெல்லாம் தெரிய வழியில்லை, தெரியாததை அவள் வாயில் வைக்க எனக்கு மனசு வரவில்லை. போன மாதம் ஒரு கடைக்குப் போயிருந்தேன், கவுண்டருக்குக் கீழே ஸ்டூல் இருந்தது, அதன்மேல் ஜாக்கெட் துணிக்கட்டு அடுக்கியிருந்தது. உட்காருவீங்களாம்மா என்று கேட்டேன். "ஆளு இல்லாதப்ப உக்காரலாம்க்கா" என்றாள் அந்தப் பிள்ளை. ஆள் இல்லாத நேரமே அங்கே இல்லை.

இன்னொன்றும் கேட்க வேண்டும், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பொங்கலுக்குப் போய்விட்டு நீங்களும் பெங்களூருக்குத்தானே பஸ் ஏறுகிறீர்கள்? ஏன் திரும்பிப் போகிறாய் என்று உங்களை யாராவது கேட்டிருக்கிறார்களா? அவளை மட்டும் ஏன் கேட்கிறோம்?

சொளவு விஷயத்தில் நீங்கள் சொல்வதுதான் சரி. செல்வியின் அம்மா முறம் என்று சொல்லவே மாட்டாள். கையெழுத்துப் பிரதியில் சொளவு என்றுதான் இருந்தது, எல்லாருக்கும் புரியட்டும் என்று நானே மாற்றினேன், மாற்றியிருக்கக் கூடாது. அடுத்த பதிப்பில் திருத்திவிடுகிறேன். வேறு எங்காவது இப்படி இடறினால், பக்க எண்ணோடு எழுதுங்கள்.