அமெரிக்க அரசுப் பள்ளிகளில் சீருடை ஏன் இல்லை?

கேள்வி: கலிஃபோர்னியாவில் அரசுப் பள்ளியில் படிக்கும் என் பேரன் தினமும் வண்ண உடையில்தான் போகிறான். நம் ஊரில் கடைக்கோடிக் கிராமப் பள்ளியிலும் சீருடை உண்டே! ஏழை, பணக்காரர் வேறுபாடு தெரியக்கூடாது என்ற எண்ணம் அங்கே எவருக்கும் வரவில்லையா?
– வாசகி, திருச்சி

பதில்: வந்தது, அதுவும் உங்கள் பேரன் வாழும் மாநிலத்திலேயே வந்தது. 1994ஆம் ஆண்டு லாங் பீச் நகரக் கல்வி மாவட்டம் எட்டாம் வகுப்பு வரை சீருடையைக் கட்டாயமாக்கியது. ஆனால் அங்கே சமத்துவத்தைவிட அச்சமே முன்னால் நின்றது. தெருக் கும்பல்கள் தத்தமக்கென ஒரு நிறத்தை வைத்துக்கொண்டிருந்த காலத்தில், சட்டையின் நிறத்துக்காகவே பிள்ளை தாக்கப்படுவானோ என்று பெற்றோர் கவலைப்பட்டனர். சீருடை வந்தபின் குற்றங்கள் வெகுவாகக் குறைந்தன என்று நிர்வாகம் கூற, அதிபர் கிளிண்டன் 1996 ஜனவரியில் நாடாளுமன்றத்தில் ஆற்றிய ஆண்டுரையிலேயே சீருடையை ஆதரித்துப் பேசினார்.

அந்த நம்பிக்கையை 1998இல் டேவிட் பிரன்ஸ்மா, கெர்ரி ராக்கமோர் என்னும் ஆய்வாளர்கள் கேள்விக்குள்ளாக்கினர். பத்தாம் வகுப்பு மாணவர்களைப் பற்றிய நாடளாவிய தரவுகளை ஆராய்ந்த அவர்கள், வருகைப்பதிவிலோ நடத்தையிலோ போதைப் பழக்கத்திலோ சீருடையால் நேரடி விளைவு எதுவும் இல்லை என்றனர். ஒழுக்கத்தைச் சட்டைத் துணியிலிருந்து எதிர்பார்க்கக்கூடாது என்பதே என் கருத்தும்.

சீருடையை எதிர்ப்பவர்கள் பெரும்பாலும் கருத்துரிமையைத்தான் முன்வைக்கிறார்கள். வியட்நாம் போரை எதிர்த்துக் கையில் கறுப்புப் பட்டை அணிந்து வந்த மாணவர்களைப் பள்ளி தண்டித்தது செல்லாது என்று 1969இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பே அவர்களுக்கு அடித்தளம். எனினும் அது உடையின் வகையைப் பற்றிய வழக்கன்று என்பதை அத்தீர்ப்பே தெளிவுபடுத்தியிருந்தது. பின்னர் லூசியானா, நெவாடா மாநில வழக்குகளில் மேல்முறையீட்டு நீதிமன்றங்கள் சீருடை விதிகளை ஏற்றுக்கொண்டன. இன்று அந்நாட்டு அரசுப் பள்ளிகளில் ஏறத்தாழ ஐந்தில் ஒன்றில் சீருடை இருக்கிறது.

நீங்கள் கேட்ட சமத்துவமோ, துணிக்குப் பணம் கொடுப்பவர் யார் என்பதைப் பொறுத்தது. தமிழ்நாட்டில் சத்துணவுத் திட்டத்தில் சேர்ந்த எட்டாம் வகுப்பு வரையிலான பிள்ளைகளுக்கு ஆண்டுக்கு நான்கு இணைச் சீருடைகளை அரசே தைத்துத் தருகிறது. அமெரிக்காவில் பொதுவாகப் பெற்றோரே வாங்க வேண்டும். மூன்று பிள்ளைகள் உள்ள கூலித் தொழிலாளியின் வீட்டில் அது சிறு செலவன்று. கலிஃபோர்னியச் சட்டம் இதை எண்ணிப் பார்த்தே எழுதப்பட்டிருக்கிறது. உங்கள் பேரனின் பள்ளி சீருடையைக் கொண்டுவர விரும்பினால், ஆறு மாதங்களுக்கு முன்பே பெற்றோருக்கு அறிவிக்க வேண்டும். வசதியற்ற குடும்பங்களுக்கு உதவ ஏற்பாடு இருக்க வேண்டும். பெற்றோர் வேண்டாம் என்று முடிவு செய்தால், அதற்காகப் பிள்ளையின் படிப்புக்கு எந்தத் தீங்கும் செய்யக்கூடாது.