ஜீன்ஸ் நீலம்: சாயத் தொட்டியில் எதைக் குறைப்பது?

கேள்வி: ஜீன்ஸின் நீலச் சாயமான செயற்கை இண்டிகோவை விட்டு அவுரிச் செடி நீலத்துக்கு மாறினால் கழிவுநீர்த் தொல்லை தீருமா?

பதில்: தீராது. செடியில் வந்தாலும் ஆலையில் வந்தாலும் நீலம் ஒரே மூலக்கூறு, தண்ணீரில் கரையாது. கரைக்க ஹைட்ரோஸும் (நீலத்தைக் கரையும் மஞ்சள் வடிவமாக்கும் சோடியம் டைதயோனைட்) காஸ்டிக் சோடாவும் போட்டால் இரண்டிலும் அதே உப்புதான் கழிவில் இறங்கும். செயற்கை இண்டிகோவில் தங்கிவிடும் அனிலின் என்ற நச்சுப்பொருள் அவுரியில் இருக்காது. அது மட்டும் நிஜமான லாபம்.

கேள்வி: பாவு நூலை (துணியின் நீளவாட்டு நூல்) கயிறாகத் திரித்துச் சாயமிடுகிறோம். ஹைட்ரோஸ் செலவு எகிறுகிறது. எவ்வளவு போதும்?

பதில்: 1 கிலோ இண்டிகோவுக்குக் கணக்குப்படி ஏறக்குறைய 660 கிராம். மிஞ்சிப் போவதில் பெரும்பங்கு காற்றிலுள்ள ஆக்சிஜனுக்குத் தீனி. தொட்டிக்குத் திரும்பும் சாயம் மேலிருந்து கொட்டக் கூடாது. குழாய் முனை சாயத்துக்குள் மூழ்கியிருக்கட்டும். பம்பின் உறிஞ்சு பக்கத்தில் காற்று கசிகிறதா என்று பாருங்கள். பழக்கத்தில் அள்ளிப் போடாமல் ஹைட்ரோஸின் வேகத்தைக் காட்டும் ரெடாக்ஸ் மீட்டரைப் பார்த்துப் போடுங்கள்: -700 முதல் -750 மில்லிவோல்ட். -650 பக்கம் வந்தால் கரையாத நீலம் நூலின் மேல் அப்பிக்கொள்ளும், தேய்த்தால் கையில் வரும். ஏற்கெனவே கரைத்து வரும் 40% திரவ இண்டிகோ வாங்கினால், தொட்டியைக் காப்பாற்றும் அளவு ஹைட்ரோஸ் போதும்.

கேள்வி: சாயத் தொட்டியின் பி.எச். (காரத்தின் அளவு) எவ்வளவு இருக்க வேண்டும்?

பதில்: 11-ஐ ஒட்டி. 12-ஐத் தாண்டினால் சாயம் நூலின் நடுவரை போகும், பிடிப்பும் குறையும். அதே கருநீலத்துக்குக் கூடுதல் இண்டிகோ செலவாகும். 11-இல் நீலம் வெளிவளையமாக நிற்பதால், பின்னால் வெளுக்கவைக்கும் சலவையிலும் கல், என்சைம், தண்ணீர் மிச்சம்.

கேள்வி: வீட்டில் ஹைட்ரோஸ் இல்லாமல் 10 லிட்டர் அவுரிச் சாயத் தொட்டி போட்டேன். சர்க்கரை சேர்த்தும் நீலமாகவே நிற்கிறதே?

பதில்: கடைச் சர்க்கரைக்கு அந்த வேலை தெரியாது. ஃபிரக்டோஸ் வேண்டும். அவுரி நீலத் தூள் (இலைத் தூள் அல்ல) 50 கிராம், நீற்றிய சுண்ணாம்பு 100 கிராம், ஃபிரக்டோஸ் 150 கிராம். தூளை முதலில் வெந்நீரில் கட்டியில்லாமல் குழையுங்கள். 50 டிகிரியில் வைத்து, நுரை எழாமல் மெல்லக் கிளறுங்கள். மேலே செம்பு மினுமினுப்பும் அடியில் மஞ்சள் கலந்த நிறமும் தெரிந்தால் துணியை விடலாம். திரும்ப நீலமானால் பி.எச். பாருங்கள்: 10.5-க்குக் கீழே என்றால் சுண்ணாம்பு, இல்லையென்றால் ஃபிரக்டோஸ். அடியில் படிந்த வண்டல் துணியில் படக் கூடாது. இந்தக் கழிவையும் குளத்தில் விடாதீர்கள். கரைந்த சர்க்கரை அங்குள்ள ஆக்சிஜனைத் தின்றுவிடும்.

கேள்வி: ஆலையின் அலசல் நீருக்கு அல்ட்ரா ஃபில்ட்ரேஷன் (நுண்துளைச் சவ்வு வடிகட்டி) வைத்தால் போதுமா?

பதில்: நீலத்துக்குப் போதும். காற்றுப்பட்ட இண்டிகோ துகளாக மிதப்பதால் சவ்வில் சிக்கும். அதை மறுபடி கரைத்துப் பயன்படுத்தலாம். உப்பு தப்பிவிடும். ஹைட்ரோஸ் விட்டுச்செல்லும் சல்பேட், காற்றில்லாத வடிகாலில் தேங்கினால் சல்பைடாகி அழுகிய முட்டை வாடை அடிக்கும், கான்கிரீட்டையும் அரிக்கும். வாடை வந்தால் வடிகாலைக் கழுவுவதற்கு முன் ஹைட்ரோஸ் பதிவேட்டைப் புரட்டுங்கள்.