பவர் சப்ளை: ஸ்டிக்கரில் எந்த வரியை வாசிப்பது?

திருகோணமலைப் பக்கத்திலிருந்து வந்திருக்கும் இந்தக் கடிதங்களை எழுதியவர்கள் எல்லாரும் முதல் தடவையாகத் தாங்களே கொம்பியூட்டர் பூட்டுபவர்கள். பிராசசர், கிராபிக்ஸ் கார்ட் எல்லாம் பார்த்துப் பார்த்துத் தெரிவு செய்திருக்கிறார்கள். சுவர் மின்சாரத்தைக் கொம்பியூட்டருக்கு ஏற்ற வோல்டுக்கு மாற்றித் தரும் பெட்டியான பவர் சப்ளைக்கு வரும்போதுதான் கையில் காசு முடிந்துவிடுகிறது. அதனால் இம்முறை முழுப் பக்கத்தையும் அந்த ஒரு சாமானுக்கே ஒதுக்கியிருக்கிறோம்.

கேள்வி: கோர் ஐ5-12400எஃப், ஆர்டிஎக்ஸ் 4060, 16 ஜிபி ரம், ஒரு எஸ்எஸ்டி, பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்று. கேசிங் வாங்கினால் 500 வாட் பவர் சப்ளை இலவசம் என்கிறார் கடைக்காரர். 80 பிளஸ் கோல்ட் முத்திரையுள்ள 750 வாட் இல்லாமல் பூட்டவே கூடாது என்கிறான் நண்பன். எதைக் கேட்பது? (உப்புவெளி)

பதில்: இரண்டும் தேவையில்லை. முதலில் உங்கள் மெஷின் எவ்வளவு இழுக்கும் என்று பார்ப்போம். 12400எஃப் பெட்டியில் 65 வாட் என்று இருக்கும். அது அடிப்படை வேகத்துக்கான கணக்கு. முழு மூச்சில் ஓடும்போது 117 வாட் வரை போகும். ஆர்டிஎக்ஸ் 4060க்கு 115 வாட். மதர்போர்ட், ரம், எஸ்எஸ்டி, ஃபேன்கள் எல்லாவற்றுக்கும் தாராளமாக 50 வாட் வையுங்கள். ஹார்ட் டிஸ்க் ஓடும்போது 10 வாட்டுக்குள்தான் எடுக்கும், ஆனால் சுழலத் தொடங்கும் ஒரு சில செக்கன்களுக்கு 20 வாட்டுக்கு மேல் கேட்கும். கூட்டினால் ஏறக்குறைய 300 வாட்.

கிராபிக்ஸ் கார்ட் ஒரே சீராக மின்சாரம் எடுப்பதில்லை. மில்லி செக்கன் கணக்கில் அதன் அளவைத் தாண்டித் திடீர் திடீரென்று இழுக்கும். அந்த இழுவைக்கும் இடம் விட்டால் தரமான 550 வாட் போதும். என்விடியா நிறுவனம் 4060க்குச் சொல்வதும் அதே 550தான். பிறகு பெரிய கார்ட் போடும் எண்ணம் இருந்து, விலை வித்தியாசமும் சிறிதென்றால் 650 எடுங்கள். 750 எடுத்தாலும் பழுதில்லை, ஆனால் அந்தக் காசை எஸ்எஸ்டிக்குப் போடுவது புத்தி.

இனி அந்த இலவச 500. கடையிலேயே அதைக் கையில் எடுத்துப் பக்கவாட்டு ஸ்டிக்கரைப் பாருங்கள். 3.3 வோல்ட், 5 வோல்ட், 12 வோல்ட் என்று கட்டங்கள் இருக்கும். ஒவ்வொன்றின் கீழும் அம்பியர். இன்றைய பிராசசரும் கிராபிக்ஸ் கார்டும் அநேகமாக முழு மின்சாரத்தையும் 12 வோல்டிலிருந்தே எடுக்கின்றன. ஆகவே அந்த ஒரு கட்டத்தை மட்டும் 12ஆல் பெருக்குங்கள். 22 அம்பியர் என்று இருந்தால் 264 வாட். மேலே எவ்வளவு பெரிய எழுத்தில் 500 என்று அடித்திருந்தாலும் உங்கள் மெஷினுக்கு அது 264 வாட் சாமான்தான். நல்ல 550 ஒன்றில் அதே கட்டத்தில் 45 அம்பியர் அளவில் இருக்கும்: 540 வாட். இரண்டு 12 வோல்ட் கட்டங்கள் இருந்தால் அவற்றைக் கூட்டிவிட வேண்டாம். கீழே மொத்தம் எவ்வளவு என்று தனியாகப் போட்டிருப்பதையே எடுங்கள்.

இன்னும் இரண்டு அடையாளங்கள். வயரின் மேலேயே 18 ஏடபிள்யூஜி (வயரின் தடிப்பைக் குறிக்கும் இலக்கம்) என்று அச்சிட்டிருக்க வேண்டும். 20, 22 என்றால் வயர் மெல்லியது. இந்த இலக்கம் கூடக் கூட வயர் மெலியும். மற்றது நிறை. உள்ளே மின்வடிகட்டியும் வெப்பத்தை வாங்கும் அலுமினியமும் போதியளவு இல்லாத பெட்டி கையில் காற்றுப் போலக் கிடக்கும்.

80 பிளஸ் முத்திரையைப் பற்றியும் கேட்டிருந்தீர்கள். பிரொன்ஸ், கோல்ட் என்பவை அந்த முத்திரையின் படிகள். அது சுவரிலிருந்து எடுப்பதில் எவ்வளவு வீணாகிறது என்பதை மட்டும் சொல்லும். வோல்ட் நிலையாக நிற்குமா, கோளாறு வந்தால் தானே நிற்குமா என்பதைச் சொல்லாது. 300 வாட் வேலைக்கு 85 வீதத் திறனுள்ளது சுவரிலிருந்து 353 வாட் எடுக்கும், 90 வீதமானது 333. நாளுக்கு 4 மணித்தியாலம் கேம் விளையாடினால் மாதம் 2.4 யூனிட் மிச்சம். கோல்டுக்குக் கொடுக்கும் மேலதிகக் காசை இதை வைத்து எடை போடுங்கள். எங்கள் கருத்தில் நல்ல பிரொன்ஸ் போதும். பெட்டியில் ஓவிபி (வோல்ட் கூடினால்), யூவிபி (வோல்ட் குறைந்தால்), ஓபிபி (சுமை கூடினால்), எஸ்சிபி (ஷோர்ட் ஆனால்), ஓடிபி (சூடு கூடினால்) என்று தானே நிறுத்தும் ஐந்து பாதுகாப்பும் இருக்கிறதா, எத்தனை வருட வாரண்டி என்பவைதான் அதைவிட முக்கியம். கொழும்பிலிருந்து கூரியரில் எடுப்பதென்றால், பழுதானால் அனுப்பும் செலவு யாருடையது என்பதையும் முதலே கேட்டு வையுங்கள்.

கேள்வி: யூபிஎஸ் பூட்டியிருக்கிறேன். சும்மா பிரவுசர் திறந்திருக்கும்போது கரண்ட் போனால் ஒன்றும் ஆவதில்லை. கேம் ஓடும்போது போனால் கொம்பியூட்டரும் சேர்ந்து நின்றுவிடுகிறது. பவர் சப்ளை பழுதா? (மூதூர்)

பதில்: பவர் சப்ளையைக் குறை சொல்ல முன்னர் யூபிஎஸ்சின் பின்பக்கத்தைப் பாருங்கள். 650 விஏ (வோல்ட் அம்பியர்) என்று பெரிதாகப் போட்டிருக்கும். பக்கத்தில் சிறிய எழுத்தில் வாட். 650 விஏ என்பது வழக்கமாக 360 வாட்டை ஒட்டியே வரும். கேம் ஓடும்போது மெஷின் சுவரிலிருந்து 350 வாட் எடுத்தால், மொனிட்டருக்கு இன்னொரு 30 வேண்டும். வரம்பு தாண்டிவிட்டது. பிரவுசர் திறந்திருக்கும்போது 100 வாட்டும் தேவைப்படாததால் தாங்குகிறது. 600 வாட் தரும் 1000 விஏ யூபிஎஸ்சுக்கு மாறினால் அநேகமாகப் பிரச்சினை தீரும்.

அதற்குப் பிறகும் நின்றால் காரணம் வேறு. கரண்ட் போனதும் யூபிஎஸ் பேட்டரிக்கு மாற 4 முதல் 10 மில்லி செக்கன் வரை எடுக்கும். அந்த இடைவெளியில் பவர் சப்ளை தன் பெரிய கெப்பாசிட்டரில் இருக்கும் மின்சாரத்தில்தான் உயிர் வாழ்கிறது. நல்லது முழுச் சுமையிலும் 16 மில்லி செக்கன் அளவு தாங்கும். மலிவானதில் கெப்பாசிட்டர் சிறியது, அதனால் இடையிலேயே விழுந்துவிடும். இன்னொன்று, விலை குறைந்த யூபிஎஸ் தருவது வீட்டு மின்சாரம் போல வழுவழுப்பான அலையாக (சைன் அலை) அல்ல, படிப்படியாக வெட்டிய வடிவில். அக்டிவ் பிஎஃப்சி (சுவரிலிருந்து மின்சாரம் எடுப்பதைச் சீராக்கும் சுற்று) உள்ள சில பவர் சப்ளைகள் அதை ஏற்காமல் இரையும், அல்லது நின்றுவிடும். வசதியிருந்தால் சைன் அலை தரும் யூபிஎஸ் எடுங்கள்.

இரவில் வோல்ட் இறங்குவதாகவும் எழுதியிருந்தீர்கள். 100 முதல் 240 வோல்ட் வரை ஏற்கும் பவர் சப்ளைக்கு 180 வோல்ட் வந்தாலும் வேலை நடக்கும். ஆனால் 230 வோல்டில் 1.5 அம்பியர் எடுத்தது அப்போது 1.9 எடுக்கும். தளர்ந்த பிளக், பழைய எக்ஸ்டென்ஷன் கோட் என்றால் சூடேறுவது அங்கேதான். விளையாடி முடித்ததும் பிளக்கைத் தொட்டுப் பாருங்கள். இடிமின்னல் மாதங்களில் சுவிட்சை மட்டும் நிறுத்தினால் போதாது. பிளக்கையும் ரவுட்டரிலிருந்து வரும் லேன் வயரையும் கழற்றி வையுங்கள்.

கேள்வி: கேசிங்கில் கை பட்டால் மெல்லிதாகக் கரண்ட் அடிக்கிறது. புது பவர் சப்ளை. மாற்றித் தரச் சொல்லிக் கேட்கலாமா? (கிண்ணியா)

பதில்: கடைக்குப் போக வேண்டாம், சுவரைப் பாருங்கள். உங்கள் பிளக் பொயின்டுக்கு எர்த் வரவில்லை, அல்லது இடையில் இரண்டு முள் அடாப்டர் ஒன்று பாவிக்கிறீர்கள். ஒவ்வொரு பவர் சப்ளையிலும் இரைச்சலை வடிக்க லைனிலிருந்தும் நியூட்ரலிலிருந்தும் கேசிங்குக்குச் சின்னக் கெப்பாசிட்டர்கள் இரண்டு போடப்பட்டிருக்கும். எர்த் இருந்தால் அந்தக் கசிவு நிலத்துக்குப் போய்விடும். இல்லாவிட்டால் கேசிங் 230இன் பாதியில், அதாவது 115 வோல்ட் அளவில் தொங்கி நிற்கும். டெஸ்டரை வைத்தால் மினுங்கும்.

சாதாரண நிலையில் அந்தக் கசிவு மிகச் சிறியது. ஆனால் உள்ளே நிஜமாக ஒரு வயர் அறுந்து கேசிங்கில் பட்டால், எர்த் இல்லாத வீட்டில் அது உயிருக்கு ஆபத்து. எச்டிஎம்ஐ, யுஎஸ்பி வயர்களைச் செருகும் கணத்தில் போர்ட் எரிந்து போவதும் உண்டு. எலெக்ட்ரீசியனைக் கூப்பிட்டு அந்த பொயின்டுக்கு எர்த் வயர் வருகிறதா, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்ப்பியுங்கள். அதுவரை மெஷினைப் போட வேண்டாம்.

கேள்வி: பழைய பவர் சப்ளையின் பின்னால் 115, 230 என்று சிவப்பு சுவிட்ச் ஒன்று. எதில் வைப்பது? (தம்பலகாமம்)

பதில்: 230. பிளக்கைச் செருக முன்னரே பாருங்கள். 115இல் வைத்து நம் வீட்டு மின்சாரத்தைக் கொடுத்தால் பெரிய சத்தத்தோடு அந்தக் கணமே போய்விடும். அந்த சுவிட்ச் இருந்தாலே பழைய வடிவமைப்பு என்று அர்த்தம். புது கிராபிக்ஸ் கார்டோடு அதைச் சேர்க்க வேண்டாம்.

கேள்வி: கழற்றிப் பூட்டும் வயர்கள் உள்ள பவர் சப்ளை. டிஸ்குக்கு மின்சாரம் கொடுக்கும் சாட்டா வயர் ஒன்று தொலைந்துவிட்டது. வேறு கம்பனி வயர் வடிவாகப் பொருந்துகிறது, பாவிக்கலாமா? (உவர்மலை)

பதில்: கூடாது. டிஸ்க் பக்க முனைதான் எல்லாருக்கும் பொது. பவர் சப்ளை பக்க முனையில் எந்தத் துளையில் எத்தனை வோல்ட் என்பது கம்பனிக்குக் கம்பனி, சில வேளை மாடலுக்கு மாடல் மாறும். வடிவம் பொருந்துவதுதான் ஆபத்தே. 5 வோல்ட் வர வேண்டிய இடத்தில் 12 வந்தால் டிஸ்க் அந்த நிமிடமே போய்விடும், அதில் உள்ள படங்களும் போகும். அதே மாடலுக்குரிய வயரையே தேடுங்கள்.

கேள்வி: வீடு கடற்கரையோடு. சாமான்கள் சீக்கிரம் துருப்பிடிக்கின்றன. பவர் சப்ளையை எப்படிக் காப்பது? (நிலாவெளி)

பதில்: உப்பும் ஈரமும் சேர்ந்து தூசியில் படிந்தால் அந்தத் தூசியே மின்சாரம் கடத்தும். கேசிங்கின் அடியில் வலைவடிகட்டி இருந்தால் பவர் சப்ளையின் ஃபேன் கீழே பார்க்கப் பூட்டி, மாதம் ஒருமுறை வலையைக் கழற்றித் தட்டுங்கள். அடியில் துளை இல்லாவிட்டால் ஃபேன் மேலே பார்க்க வேண்டும். ஜன்னலுக்கு நேரே வைக்காதீர்கள். மாரியில் பல நாள் நிறுத்தி வைப்பதைவிட ஒருநாளைக்கு ஒரு மணித்தியாலமாவது ஓட விடுவது நல்லது. உள்ளே உள்ள சூடு ஈரத்தைப் போக்கும். ஆறு மாதத்துக்கு ஒருமுறை 24 முள் இணைப்பியைக் கழற்றி முட்களைப் பாருங்கள். பச்சை படிந்திருந்தால் அந்த முள்ளை உப்பு அரிக்கிறது, வெள்ளைப் பிளாஸ்டிக் பழுப்பாகியிருந்தால் அந்த முள் சூடேறுகிறது.

கச்சான் காற்று வீசும் நாட்களில் அறைச் சூட்டையும் கணக்கில் எடுங்கள். சில கம்பனிகள் தங்கள் வாட்டை 25 பாகை செல்சியசில் அளந்து சொல்கின்றன. 40 அல்லது 50 பாகையில் அளந்ததென்று எழுதியிருப்பதையே வாங்குங்கள். கெப்பாசிட்டர் 105 பாகைக்குரியதாக இருக்கட்டும். 10 பாகை சூடு கூடினால் அதன் ஆயுள் ஏறக்குறைய பாதியாகும்.

கேள்வி: எல்லாம் பூட்டி பவர் பட்டனை அழுத்தினேன். ஒரு அசைவும் இல்லை. (சாம்பல்தீவு)

பதில்: பவர் சப்ளையின் பின் சுவிட்ச் கோடு உள்ள பக்கம் இருக்கிறதா? 24 முள் இணைப்பியின் கொளுக்கி 'டிக்' என்று விழுந்ததா? அரைகுறையாக நிற்பதுதான் அதிகம். பிராசசருக்கான 8 முள் வயர் 4+4 ஆகப் பிரியும், கிராபிக்ஸ் கார்டுக்கானது 6+2 ஆகப் பிரியும். மாறிச் செருகவே கூடாது. வலுக்கட்டாயமாக அமத்த வேண்டியிருந்தால் அது பிழையான வயர். கேசிங் பட்டனின் சின்ன வயர் மதர்போர்டில் சரியான இரு முட்களில் இருக்கிறதா என்றும் பாருங்கள். சந்தேகமென்றால் அந்த இரு முட்களையும் ஸ்குரூடிரைவர் நுனியால் ஒரு கணம் தொட்டால் மெஷின் எழும்ப வேண்டும்.

எழும்பாவிட்டால் பிளக்கைக் கழற்றி, பவர் சப்ளையைத் தனியாக எடுத்து, பழைய ஹார்ட் டிஸ்க் ஒன்றை மட்டும் பூட்டுங்கள். 24 முள் இணைப்பியில் பச்சை வயரையும் பக்கத்துக் கறுப்பு வயரையும் பேப்பர் கிளிப்பால் இணைத்துவிட்டுப் பிறகு பிளக்கைச் செருகுங்கள். எல்லா வயரும் கறுப்பாக இருந்தால் ஊகித்துச் செருக வேண்டாம், கடையில் டெஸ்டரில் போட்டுப் பார்ப்பியுங்கள். ஃபேன் சுற்றவில்லையே என்று பயப்படவும் வேண்டாம். சுமை குறைந்தால் ஃபேனை நிறுத்தி வைக்கும் மாடல்கள் உண்டு. மல்டிமீட்டரில் மஞ்சள் வயர் 11.4க்கும் 12.6க்கும் இடையிலும், சிவப்பு 4.75க்கும் 5.25க்கும் இடையிலும் காட்ட வேண்டும். அதற்கு வெளியே போனால் வாரண்டிக்கு அனுப்புங்கள். மூடியைத் திறக்காதீர்கள்: பிளக்கைக் கழற்றிய பிறகும் உள்ளே உள்ள பெரிய கெப்பாசிட்டரில் 300 வோல்டுக்கு மேல் தங்கியிருக்கலாம்.