ஊர்த் திட்டங்களும் சுற்றுச்சூழல் அனுமதியும்: வாசகர் கேள்விகள்

நூறு நாள் வேலையில் எங்கள் ஊர்க் குளத்தைத் தூர்வார இருக்கிறார்கள். சுற்றுச்சூழல் அனுமதி இல்லாமல் மண்வெட்டியை எடுக்கக் கூடாது என்று ஒருவர் மல்லுக்கு நிற்கிறார். அவர் சொல்வது சரியா?

சரியில்லை. எந்தத் திட்டங்களுக்கு இந்த அனுமதி வேண்டும் என்று சொல்லும் 2006ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் தாக்க மதிப்பீட்டு அறிவிக்கையில் 2016 ஜனவரியில் ஒன்பதாவது பின்னிணைப்பைச் சேர்த்தார்கள். அரசுத் திட்டத்திலோ ஊரார் கூடியோ குளம் தூர்வாருவது, ஊர்ச்சாலை போடுவது, கரை கட்டுவது எல்லாவற்றுக்கும் அதில் விலக்கு இருக்கிறது. குயவர்கள் கையால் வெட்டும் களிமண்ணுக்கும் உண்டு. அள்ளிய மண் கரையில் ஏறுகிறதா, லாரியில் ஏறுகிறதா என்பதில்தான் கண் வேண்டும். விலைக்குப் போனால் அது தூர்வாரல் அல்ல, கனிமம் எடுப்பது; அதற்குச் சட்டமே வேறு.

மீன்பிடித் துறைமுகத்துக்குக் கருத்துக்கேட்புக் கூட்டம் அறிவித்திருக்கிறார்கள். திட்டத்தின் சுற்றுச்சூழல் தாக்க அறிக்கையோ அறுநூறு பக்க ஆங்கிலம். ஊரே எதிர்த்தால் திட்டம் நின்றுவிடுமா?

நிற்காது. அது வாக்கெடுப்பு அல்ல. கைதூக்கி எண்ணுவதில்லை, இத்தனை பேர் வந்தால்தான் செல்லும் என்ற கணக்கும் இல்லை. இது தெரியாமல் பல ஊர்கள் அரை மணி நேரம் முழக்கமிட்டு வெளிநடப்புச் செய்துவிடுகின்றன. பதிவேட்டில் மிஞ்சுவது 'சிலர் எதிர்ப்புத் தெரிவித்தனர்' என்ற ஒரு வரிதான்.

கூட்டத்துக்குக் குறைந்தது 30 நாள் முன்பே அறிவிப்பு வர வேண்டும். அறிக்கையின் சுருக்கம் தமிழிலும் இருந்தாக வேண்டும். ஆட்சியர் அலுவலகத்திலும் உள்ளாட்சி அலுவலகத்திலும் கேளுங்கள். அறுநூறு பக்கத்தையும் படித்து மாய வேண்டாம். உங்களுக்கு நேரில் தெரிந்த பக்கங்களைப் பிடியுங்கள்: சுற்றிலும் 10 கிலோமீட்டரில் என்னென்ன இருக்கின்றன, கிணறுகள் எத்தனை, வலை உலர்த்தும் இடம் எது, அலையை எந்த மாதத்தில் அளந்தார்கள். நான் போன ஒரு கூட்டத்தில், 'அருகில் நீர்நிலை ஏதும் இல்லை' என்றது அறிக்கை. கூட்டத்துக்கான பந்தலையே கண்மாய்க் கரையில்தான் போட்டிருந்தார்கள்! ஒரு பெரியவர் எழுந்து, "ஐயா, நீங்கள் உட்கார்ந்திருப்பது எதன் மேல்?" என்று மட்டும் கேட்டார்.

அதே கேள்வியை எழுதியும் கொடுக்க வேண்டும். மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்திடம் முன்கூட்டியோ கூட்டத்திலோ கொடுத்து, நகலில் ஒப்புதல் முத்திரை வாங்கிக்கொள்ளுங்கள். கூட்டம் முழுவதும் வீடியோவில் பதிவாக வேண்டும். முடிவில் நடவடிக்கைக் குறிப்பைத் தமிழில் வாசித்துக் காட்ட வேண்டும். பசி வந்தாலும் அதுவரை கலையாதீர்கள். உங்கள் ஆட்சேபங்களுக்குத் திட்டக்காரர் இறுதி அறிக்கையில் பதில் எழுதக் கடமைப்பட்டவர். தெரிந்தே பொய்த் தகவல் தந்திருந்தால், கொடுத்த அனுமதியைக்கூட ரத்து செய்யலாம்.

ஊராட்சி கட்டும் சமுதாயக்கூடத்துக்கு இந்த அனுமதி வேண்டுமா?

20,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட கட்டடங்களுக்குத்தான் வேண்டும். ஏறக்குறைய 2,15,000 சதுர அடி. அத்தனை பெரிய சமுதாயக்கூடத்தை நான் எந்த ஊராட்சியிலும் பார்த்ததில்லை.

என் கவலை இடத்தைப் பற்றியது. கிராம நிர்வாக அலுவலரிடம் உள்ள 'அ' பதிவேட்டில் அந்தப் புல எண்ணின் வகைப்பாட்டைப் பாருங்கள். குளம், ஊருணி, வாய்க்கால் என்று இருந்தால், இன்று கட்டாந்தரையாகக் கிடந்தாலும் அடிக்கல் நாட்டாதீர்கள். பஞ்சாபில் ஊர்க் குளத்தைத் தூர்த்து வீடு கட்டியவர்களின் வழக்கில் (ஜக்பால் சிங், 2011) உச்ச நீதிமன்றம் இளகவில்லை.

நாங்கள் எதிர்த்த திட்டத்துக்கு அனுமதி கொடுத்தாகிவிட்டது. இனி எங்கே போவது?

சென்னையில் உள்ள தேசியப் பசுமைத் தீர்ப்பாயத்தின் தென் மண்டல அமர்வுக்கு. 30 நாளுக்குள் மேல்முறையீடு செய்ய வேண்டும். தக்க காரணம் காட்டினால் இன்னும் 60 நாள் வரை பொறுப்பார்கள். அதற்கு மேல் ஒரு நாள் போனாலும் மனு நிற்காது. கிடைத்த அனுமதியைத் திட்டக்காரர் உள்ளூர் நாளிதழ்களில் விளம்பரம் செய்ய வேண்டும். அந்தப் பக்கத்தைத் தேதியோடு கத்தரித்து வைத்துக்கொள்ளுங்கள். நாள் கணக்கில் தகராறு வந்தால் கைகொடுக்கும்.