விண்டோஸிலிருந்து மேக்: பள்ளிக்கு முதல் லேப்டாப்

இத்தனை நாள் வீட்டில் விண்டோஸ்தான், பள்ளிக்கு முதல் லேப்டாப்பாக மேக்புக் ஏர் வாங்கலாமா, 8 ஜிபி ரேம் போதுமா என்று கேட்டிருந்தீர்கள். வாங்கலாம். ஆனால் எந்த மென்பொருள் கட்டாயம் என்று முதலில் பள்ளியில் கேட்டுவிடுங்கள். சாலிட்வொர்க்ஸ் (பொறியியல் வடிவமைப்பு மென்பொருள்) போன்றவை விண்டோஸுக்கு மட்டுமே வருகின்றன. எம்1 (ஆப்பிளின் சொந்தச் சிப்) முதலான மேக்குகளில், மேக்கிலேயே விண்டோஸை நிறுவ உதவிய பூட் கேம்ப்பும் கிடையாது. அப்படி ஏதாவது இருந்தால் தயங்காமல் விண்டோஸிலேயே இருங்கள்.

ரேம் 16 ஜிபியாகவே எடுங்கள். மேக்புக் ஏரில் பிறகு கூட்ட முடியாது, பல வருடம் உழைக்க வேண்டிய பொருள்.

அப்புறம் பழைய ஹார்ட் டிஸ்க். விண்டோஸ் பயன்படுத்தும் என்டிஎஃப்எஸ் வடிவில் இருந்தால் மேக் அதைப் படிக்கும், எழுதாது. கோப்புகளை வேறிடத்தில் பத்திரப்படுத்திவிட்டு எக்ஸ்ஃபேட் என்ற வடிவுக்கு மாற்றுங்கள், விண்டோஸ், மேக் இரண்டிலும் வேலை செய்யும். கன்ட்ரோலுக்குப் பதில் கமாண்ட் விசை என்பதெல்லாம் சீக்கிரம் கைக்குப் பழகிவிடும்.