முன்னால் மூன்று எழுத்து சேர்த்தால் எச்சரிக்கை ஏன்?

கேள்வி: எங்கள் ஜவுளிக்கடை இணையதளம், பெயரை மட்டும் அடித்தால் ஒழுங்காகத் திறக்கிறது. முன்னால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ சேர்த்தால் குரோம் சிவப்பு எச்சரிக்கை காட்டுகிறது. வெறும் பெயருக்குத் திருப்பிவிடும் ரீடைரக்ட் போட்டும் எச்சரிக்கை போகவில்லையே?
– வாசகி, ஈரோடு

பதில்: பிரவுசருக்கு அவை இரண்டும் வெவ்வேறு பெயர்கள். இந்தப் பெயருக்கு உரிய தளம் இதுதான் என்று பிரவுசருக்குக் காட்டும் உங்கள் சான்றிதழில் ஒன்றுதான் இருக்கிறது. சான்றிதழைச் சரிபார்த்த பிறகுதான் சர்வர் சொல்வதையே பிரவுசர் கேட்கும். வாசலிலேயே தடுத்துவிட்டால் உள்ளே இருக்கும் அறிவிப்புப் பலகையை யார் படிப்பது? ரீடைரக்ட் பலிக்காதது அதனால்தான்.

முகவரிக்கு இடப்பக்கம் உள்ள குறியைத் தட்டி, சான்றிதழைத் திறந்து, 'சப்ஜெக்ட் ஆல்டர்நேட்டிவ் நேம்' பகுதியைப் பாருங்கள். சான்றிதழ் எந்தெந்தப் பெயர்களுக்குச் செல்லும் என்ற பட்டியல் அது. 2017இல் வந்த குரோம் 58 முதல் இந்தப் பட்டியல்தான் கணக்கு. சான்றிதழில் பெயர் எழுதும் பழைய இடமான 'காமன் நேம்' என்ன சொன்னாலும் செல்லாது. பட்டியலில் சம்பந்தமே இல்லாத வேறு தளத்தின் பெயர் இருந்தால், சர்வர் தவறான சான்றிதழை நீட்டுகிறது. அதை ஹோஸ்டிங்காரரிடம் சொல்லுங்கள்.

டபிள்யூக்கள் இல்லாத உங்கள் தளப் பெயர் மட்டும் இருந்தால், இரண்டு பெயர்களுக்கும் சேர்த்துப் புதுச் சான்றிதழ் வாங்குங்கள். சான்றிதழ் வழங்கும் அமைப்பான லெட்ஸ் என்கிரிப்ட் இலவசமாகவே தருகிறது. அதற்கு முன் இரண்டு பெயர்களும் டிஎன்எஸ்ஸில் (எந்தப் பெயர் எந்த சர்வருக்கு என்று சொல்லும் இணைய முகவரிப் புத்தகத்தில்) அதே சர்வரைக் காட்டுகின்றனவா என்று பார்த்துவிடுங்கள். வாங்கிய பிறகு சர்வரை ரீலோட் செய்ய வேண்டும். அப்புறம், நட்சத்திரக் குறி போட்ட வைல்டுகார்டு சான்றிதழ் எல்லாவற்றுக்கும் போதும் என்று நினைக்க வேண்டாம். அது தளப் பெயருக்கு முன்னால் டபிள்யூ டபிள்யூ டபிள்யூ போல ஒரே ஒரு பகுதி சேர்ந்த துணைப்பெயர்களுக்குத்தான். வெறும் பெயரைத் தனியாகச் சேர்க்க வேண்டும்.

அதுவரை வாடிக்கையாளர்களிடம் 'எச்சரிக்கையைத் தாண்டிப் போங்கள்' என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். நாளைக்குப் போலி வங்கித் தளத்திலும் அவர்கள் அதையே செய்வார்கள்.